மௌனம் ஒரு நோய்க்குறியா?

எம்மில் பலருக்கு 'உளவடு' என்ற சொல் அகதி விண்ணப்பத்தோடு இணைத்த மருத்துவக் கடிதத்தின் மூலமே அறிமுகமானது. தூக்கமின்மை, கொடுங்கனவு, திடுக்கிடல் என்று எண்ணிக் காட்டினால்தான் சித்திரவதை நம்பப்பட்டது. நோய் தனிமனிதருக்குரியது. அவருடைய ஊருக்கு அந்தக் கடிதத்தில் இடமில்லை.

இந்தப் பார்வையைத் தாண்டிச் சென்றதே, போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரத்தின் முக்கிய பங்களிப்பு என்று கருதுகிறேன். 1998இல் வந்த அவரது ஆங்கில நூலின் தலைப்பு வடுப்பட்ட மனங்களைச் சொல்கிறது; 2014இல் வந்த நூலின் தலைப்பு வடுப்பட்ட சமூகங்களைச் சொல்கிறது. இடையில், 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் 'கூட்டு உளவடு' பற்றிப் பேசுகிறார். சுனாமியைவிட நீண்ட போரே சமூகத்தை ஆழமாக மாற்றியது என்கிறார். அவர் கண்ட மாற்றங்கள்: மௌனம், சந்தேகம், செயலின்மை, பிறரில் தங்கியிருத்தல், தலைமையின்மை. ஆகவே சிகிச்சையும் குளிசையோடு நிற்காமல் ஊருக்குள் போகவேண்டியிருந்தது.

என் முரண்பாடு இந்தப் பட்டியலோடுதான். போரின் காரணங்களை அவர் விவரிக்கிறார். ஆனால் மௌனமும் சந்தேகமும் நோய்க்குறிகளாக வரிசைப்படுத்தப்பட்டதும், அவற்றை உண்டாக்கியவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். யார் காட்டிக்கொடுப்பார் என்று தெரியாத ஊரில் வாய்திறவாதிருப்பது உயிர் காக்கும் அறிவு. இதை அவர் அறியாதவரல்லர். 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் அவரும் ஒருவர். இன்னொருவரான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்நூல் இலங்கை அரசையும் இந்தியப் படையையும் இயக்கங்களையும் பெயர்சொல்லிக் கேள்வி கேட்டது. உளவியலின் மொழிக்கும் அந்தத் துணிவு வேண்டும்.

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். உடலும் இல்லை, சடங்கும் இல்லை. பிள்ளையின் மரணச் சான்றிதழையும் தாய் ஏற்க மறுக்கிறாள். மருத்துவர் இதில் முடிவுறாத துக்கத்தைக் காண்பது சரியே. ஆனால் அது ஒரு கோரிக்கையும்தான். பதில் கிடைக்கும் முன் துக்கத்தை முடித்துக்கொள் என்று கேட்கும் ஆற்றுப்படுத்தல், கொண்டுபோனவர்களுக்கே உதவும்.

அப்படியானால் புலம்பெயர்ந்த எமது மௌனம் எது? 1994 மே 1இல் பரிசில் சபாலிங்கம் கொல்லப்பட்ட காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. அக்காரணம் 2009உடன் போய்விட்டது. எமது இயக்கங்கள் எம்மவருக்கே செய்தவை பற்றி இன்னும் பேசத் தயங்குகிறோமே, இந்த மௌனத்துக்கு நோய் என்ற சொல்லை நான் மறுக்கமாட்டேன்.