பின் சக்கரத்தை மறந்த சிபாரிசுகள்

என் மச்சினன் திண்டிவனத்தில் பிக்கப் ஓட்டுகிறான். மரக்காணத்து உப்பு, மல்லாட்டை மூட்டை, விழுப்புரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி என்று என்ன கிடைத்தாலும் ஏற்றுவான். போன மாசம் முன் சக்கர பேடும் டிஸ்க்கும் மாற்ற வேண்டி வந்தது. ஒரே வருஷத்தில் மூன்றாவது செட் பேட். "மாமா, இதுல எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க"ன்னு ஒன்பது கட்டுரை, வீடியோ அனுப்பினான். எல்லாமே பிக்கப்புக்கு எந்த பேட், எந்த டிஸ்க் வாங்கலாம் என்ற சிபாரிசுகள். ரெண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். அவை பற்றிய என் விமர்சனம் இது.

முதல் குறை, அவை யாருக்காக எழுதப்பட்டவை என்பது. பெரும்பாலும் அமெரிக்க பிக்கப்புகளுக்கு. அங்கே பலருக்கு அதுதான் வீட்டு வண்டி. நாலு சக்கரத்திலும் டிஸ்க் இருக்கும், பின்னால் பாதி நாள் காலியாக இருக்கும். அதனால் சிபாரிசு செய்பவர் சத்தம் வருகிறதா, அலாய் வீலில் கறுப்புத் தூசி படிகிறதா என்று பார்க்கிறார். செராமிக் பேடுக்கு அங்கே கிடைக்கும் பாராட்டில் பாதி இந்தத் தூசிக்காகத்தான். மச்சினன் வண்டியில் இருப்பது இரும்பு வீல். அதன் மேல் எப்போதும் செம்மண். தூசி கம்மி என்பதற்காக அவன் எதற்குக் காசு கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?

நம் கணக்கு வேறு. சரக்கோடு வண்டி 3 டன் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிறுத்தினால் சுமார் 7.4 லட்சம் ஜூல் வெப்பமாக மாற வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரை டீக்குக் கொதிக்க வைக்க ஏறக்குறைய அவ்வளவு போதும். அதில் 70 சதவீதம் முன் பிரேக்கில் இறங்குகிறது, ரெண்டு டிஸ்க்கும் சேர்ந்து 16 கிலோ என்றால், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் டிஸ்க் சுமார் 70 டிகிரி சூடேறும். 60-இல் வந்து நிறுத்தினால் 40 டிகிரிதான். வேகம் கால் பங்கு குறைந்தால் சூடு கிட்டத்தட்ட பாதியாகிறது. இந்த லாபத்தை எந்த பேடும் தராது. ஒன்பதில் ஒன்றுகூட இதைச் சொல்லவில்லை.

ரெண்டாவது, ஓட்டை போட்ட டிஸ்க். பார்க்க ரேஸ் வண்டி மாதிரி அழகாக இருக்கும். அந்தக் காலத்து பேடுகள் சூடானால் வாயு கிளம்பும், அது வெளியேறத்தான் ஓட்டை. இன்றைய பேடுகளில் அந்தப் பிரச்சினை ரொம்பக் குறைவு. ஓட்டை போட்டால் சூட்டை வாங்கிக்கொள்ளும் இரும்பு குறைகிறது, ஓட்டையின் ஓரத்தில் விரிசல் விழவும் வாய்ப்பு. சுமை வண்டிக்கு நல்ல கனமான சாதா டிஸ்க்தான் சரி.

மூன்றாவது, பேட் மேல் இருக்கும் ரெண்டு எழுத்து. எஸ்.ஏ.இ. முறைப்படி முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு எவ்வளவு, ரெண்டாவது அதிக சூட்டில் எவ்வளவு என்று சொல்கிறது. 'இ' என்றால் 0.25 முதல் 0.35, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' 0.45 முதல் 0.55. பேட் பெட்டியில் எழுதியிருக்கும் வீர வசனங்களைவிட இது உருப்படியான தகவல். ஆனால் சிபாரிசுக்காரர்கள் 'ஜி'யைப் பார்த்ததும் முதல் ரேங்க் கொடுத்துவிடுகிறார்கள். சோதனைக்கூடத்தில் ஒரு அங்குலத் துண்டை உரசிப் பார்த்த அளவு அது. பேட் எவ்வளவு நாள் உழைக்கும், வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை அது சொல்லாது. முன்னால் மட்டும் பிடிப்பை ஏற்றினால், முன்னுக்கும் பின்னுக்கும் கம்பெனி போட்ட கணக்கும் மாறிப்போகும்.

நாலாவதுதான் பெரிய குறை. நம்மூர் பிக்கப்பில் பின்னால் இருப்பது டிரம். மச்சினன் வண்டி உட்பட பல பிக்கப்புகளில் பின் ஆக்சில் பக்கம் ஒரு வால்வு உண்டு. சரக்கு ஏறி பாடி தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். பாடி உயர்ந்திருந்தால் வண்டி காலி என்று நினைத்துக் குறைத்துவிடும். மச்சினன் உப்பு மூட்டை ஏற்றுவதற்காக பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ரெண்டு பட்டை போட்டிருக்கிறான். பாடி தாழவே இல்லை. முழுச் சரக்கோடு போகும்போதும் வால்வுக்கு அது காலி வண்டிதான். பின் ஷூவையும் ரொம்ப நாளாக அட்ஜஸ்ட் செய்யவில்லை. மொத்தச் சுமையையும் முன் பேடே இழுத்திருக்கிறது. வருஷத்துக்கு மூணு செட் தேயாமல் என்ன செய்யும்?

இது தெரிய வந்ததே ஒரு ராத்திரி விக்கிரவாண்டி தாண்டி, பின் லைட் இல்லாத கரும்பு டிராக்டருக்கு ஒரு முழம் பின்னால் வண்டி நின்ற பிறகுதான். அப்போது முன்னால் இருந்தது புத்தம்புது செராமிக் பேட். புரோகிராம் எங்கே மெதுவாகிறது என்று பார்க்காமல் சர்வரை மாற்றுகிற தப்பை ஆபீஸில் நாங்களும் செய்வோம். அங்கே யாருக்கும் அடிபடாது.

நியாயமாகச் சொன்னால், அந்த ஒன்பதிலும் எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. பேடை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது. புது பேடை முதலில் மிதமாகப் பல தடவை பிடித்துப் பழக்க வேண்டும். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகும்படி லேத்தில் கடையக் கூடாது. இதோடு நான் ஒன்று சேர்ப்பேன். உப்பு ஏற்றும் வண்டியில் காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். இறுகினால் ஒரு பேட் மட்டும் தேயும்.

இன்னொரு வேடிக்கை. டி.வி.எஸ். குழுமமும் லூகாஸும் சேர்ந்து 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ரெண்டும் சென்னை பாடியில்தான் இருக்கின்றன, திண்டிவனத்தில் இருந்து மூணு மணி நேரத்துக்குள். நாம் பேட் பற்றிப் படிப்பது மட்டும் அமெரிக்காவில் இருந்து.

கடைசியில் மச்சினன் வாங்கியது வண்டிக் கம்பெனி சொன்ன அதே ரக பேட், ஓட்டை இல்லாத டிஸ்க். பின் டிரம்மைப் பிரித்து ஷூவை அட்ஜஸ்ட் செய்தாச்சு. கூடுதல் பட்டையைக் கழற்றச் சொன்னதற்குத்தான் முகம் சுருங்கியது. "அப்போ லோடு கம்மியாத்தான் ஏத்தணும் மாமா" என்றான்.

ஆமாம், அதைத்தான் சொல்கிறேன் என்றேன். இன்னும் கழற்றவில்லை.