யானை அழுததா?

பீகிள் கப்பல் பயணம் முடிந்தபின் சார்ல்ஸ் டார்வின் பிரிட்டனை விட்டு வெளியே போகவே இல்லை. 1842 முதல் கென்ட் பகுதியின் டவுன் கிராமத்து வீடே கதியென்று இருந்துவிட்டார். உலகம் அவரைத் தேடித் தபாலில் வந்தது. இன்று கிடைத்திருப்பவை மட்டும் 15,000 கடிதங்களுக்கு மேல். எழுதியவர்களும் பெற்றவர்களுமாக ஏறக்குறைய 2,000 பேர். கேம்பிரிட்ஜ் பதிப்பாளர்கள் இவற்றை 1985 தொடங்கி 2023 வரை 30 தொகுதிகளாக அச்சிட்டார்கள்.

ஆள் பார்த்துக் கேள்வி கேட்காதது இந்தக் கடிதப் பழக்கத்தின் பெரிய பலம். கியூ தோட்டத்து ஹூக்கருக்கும் ஹார்வர்டின் ஏசா கிரேவுக்கும் எழுதிய கை, புறா வளர்ப்பவர்களுக்கும் எழுதியது. எடின்பரோ தாவரவியல் பூங்காவின் தோட்டக்காரர் ஜான் ஸ்காட் சோதனைகளில் கெட்டிக்காரர் என்று தெரிந்ததும், அவர் இந்தியாவுக்குப் போகக் கப்பல் செலவையும் டார்வினே கொடுத்தார்.

ஆனால் கடிதம் சாட்சியாகும்போது, எது மிஞ்சுகிறது என்பதும் முக்கியமாகிவிடுகிறது. மளிகைக்கடையில் ரசீதுகளைக் குத்தி வைப்பதுபோல, வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார் டார்வின். கம்பி நிறைந்தால் பழையவை நெருப்புக்கு. பிற்காலத்தில்தான் அதை நிறுத்தினார். 1858-இல் இயற்கைத் தேர்வு யாருக்கு முதலில் தோன்றியது என்ற சிக்கல் எழுந்தபோது, கிரேவுக்கு எழுதிய கடிதத்தின் நகல் டார்வினுக்குக் கைகொடுத்தது. அதே கருத்தைத் தனியாகக் கண்டடைந்த இயற்கையாளர் வாலஸ், டெர்னேட் தீவிலிருந்து டார்வினுக்கு எழுதிய கடிதமோ இன்று இல்லை. இதில் சதி தேட வேண்டியதில்லை. சமமின்மை மட்டும் உறுத்துகிறது.

1867-இல் முகபாவங்களைப் பற்றி 16 கேள்விகளைப் பல நாடுகளுக்கும் அனுப்பினார். நினைவை நம்பாதீர்கள், கண்ணால் கண்டதை எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது அருமையான எச்சரிக்கை. ஆனால் முதல் கேள்வியே, வியப்பில் கண்ணும் வாயும் அகலத் திறந்து புருவம் உயர்கிறதா என்பது! பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் ஆமாம் என்பதுதானே எளிது? பதில் தந்த 36 பேரில் பலர் பாதிரிமார்கள், காலனி அலுவலர்கள்.

யானை அழுமா என்று டார்வின் விசாரித்ததற்கு இலங்கையிலிருந்து பாதிரியார் கிளெனி எழுதியது வேறு விஷயம். புதிதாகப் பிடித்த யானைகளிடம் கண்ணீரைத் தேடினோம், காணவில்லை. அனுபவமுள்ள உள்ளூர் வேட்டைக்காரர்களும் யானை அழுது பார்த்ததில்லை என்கிறார்கள் என்பது அவர் சேதி. இலங்கையின் காலனியச் செயலாளராயிருந்த டென்னன்ட், பிடிபட்ட யானைகள் கண்ணீர் விட்டதாக ஏற்கெனவே எழுதியிருந்தார். லண்டன் விலங்குக்காட்சிச் சாலைக் காப்பாளரும் அவர் பக்கம். டென்னன்ட் சொன்னதைச் சந்தேகிக்க முடியாது, புதிதாகப் பிடிபட்ட யானைகள் கோபத்திலோ பயத்திலோ இருந்ததால் அழாமல் இருந்திருக்கலாம் என்று 1872-இல் வெளியிட்ட நூலில் டார்வின் சமாதானம் சொன்னார்.

யானை அழுது பார்த்ததே இல்லை என்ற வேட்டைக்காரர்களின் சொல் அங்கே எடைக்கு நிற்கவில்லை. ஆனாலும் தமக்கு எதிரான அந்தச் சாட்சியத்தை அவர் மறைக்கவில்லை, அதே இடத்தில் அச்சிட்டிருக்கிறார். யானைக்கு நமக்கிருப்பது போன்ற கண்ணீர்ச் சுரப்பி கிடையாது என்று சொல்லும் இன்றைய உடற்கூற்றியலை அந்தப் பக்கத்தோடு வைத்துப் படிக்க முடிவது அதனால்தான்.