இரவிவர்மாவின் ஓவியங்களில் காத்திருக்கும் பெண்

1906ஆம் ஆண்டில் ஓவியர் இரவிவர்மா மறைந்தபோது பாரதியார் ஓர் இரங்கற்பா பாடினார். தாம் தீட்டிய வடிவங்களை அரம்பை, ஊர்வசி முதலிய தேவமகளிரோடு ஒப்பிட்டுக் காணவே ஓவியர் விண்ணுலகு சென்றார் என்பது அதில் வரும் கற்பனை. ஒப்பீட்டில் தோற்பவர் தேவமகளிரே. இரங்கற்பாவில் உயர்வுநவிற்சி இயல்பே. எனினும், ஓவியப் பெண்ணை அளக்கும் கோலாக இங்கு அமைந்தவள் மண்ணுலகப் பெண் அல்லள் என்பது நோக்கத்தக்கது. நிறம், நகை, சேலை மடிப்பு என உருவத்தின் நிறைவைப் போற்றும் பேச்சு இன்றளவும் இக்கோலையே கையாளுகிறது. அப்பெண் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்னும் வினா பின்தள்ளப்படுகிறது.

பாதத்தில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் தோழியின் தோளைப் பற்றி நின்று திரும்பிப் பார்க்கும் சகுந்தலை அனைவரும் அறிந்த ஓவியம். காளிதாசரின் நாடகத்தில் முதல் அங்க இறுதியில் இந்நிகழ்ச்சி வருகிறது. தருப்பை காலில் குத்தியது, மரவுரி கிளையில் சிக்கியது என்பன அவள் சொல்லும் சாக்குகள். துஷ்யந்தனை இன்னும் ஒரு கணம் காண்பதற்கு அவளே செய்துகொண்ட சூழ்ச்சி அது. அரங்கில் பார்ப்பவளும் பார்க்கப்படுபவனும் ஒருங்கே உள்ளனர். ஓவியத்திலோ அரசன் இல்லை. அவளது பார்வை சென்று சேரும் இடம் சட்டகத்துக்கு வெளியே போய்விட, எஞ்சுவது வளைந்த இடையும் உயர்த்திய பாதமுமே. அவளுடைய சூழ்ச்சி நம் கண்ணுக்குரிய கோலமாக மாறிவிடுகிறது.

இவ்வமைப்பு தற்செயலானதன்று. ‘அம்ச தமயந்தி’யில் (1899) நளன் இல்லை, அவனைப் பற்றிய சொல்லைக் கொணரும் அன்னம் மட்டுமே உண்டு. குழந்தையை ஏந்திய தாய் வாயிலை நோக்கும் ‘அதோ அப்பா வருகிறார்’ (1893) ஓவியத்திலும் தந்தை வந்து சேர்வதில்லை. புராண மகளாயினும் இல்லத்தரசியாயினும் பெண்ணின் நிறைவு வராத ஆடவனை நோக்கி நிற்பதில் அமைகிறது.

இவ்வோவியங்களில் நாடகத்தனம் மிகுதி, இந்திய உணர்வு குறைவு என்று ஆனந்த குமாரசுவாமி குறை கண்டார். ஐரோப்பியக் கலைக்கழகப் பாணியின் மீதான அக்குற்றச்சாட்டு ஒருபுறம் இருக்க, நாடகத்திலிருந்து எது விலக்கப்பட்டது என்பதே இங்கு முதன்மையான வினா. 1894இல் மும்பையில் அவர் நிறுவிய வண்ணக் கல்லச்சுக்கூடத்தின் வழியே இப்பெண்ணுருவங்கள் எளிய வீடுகளின் சுவர்களையும் அடைந்தன.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1873இல் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்ற ஓவியத்தின் நாயர் பெண், கூந்தலில் பூச்சூடிக் கண்ணாடியில் தன்னையே காண்கிறாள். அவள் யாரையும் எதிர்நோக்குவதாகத் தோன்றவில்லை. எனக்கு இரவிவர்மாவின் பெண்களுள் மிக உயிர்ப்புடையவள் இவளே.

காளிதாசரின் ஆறாம் அங்கத்திலும் ஓர் ஓவியம் உண்டு. தன் அவைக்கு வந்து நின்ற சகுந்தலையை அறியேன் என்று மறுத்த துஷ்யந்தன், பின்னர் அவளைத் தானே தீட்டி, அப்படத்தின்முன் கலங்குகிறான். அவள் முகத்தருகே வரைந்த வண்டை மெய்யெனக் கருதிக் கடிகிறான். விதூஷகன் குறுக்கிட்டு, அது வெறும் ஓவியம் என்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது.