தொலைக்காட்சித் தொடர்களில் மருத்துவரும் செவிலியரும்

மாலை ஏழு மணிக்குப் பாடாலூரில் சபையாரின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் ஊழியர் எவரும் ஓர் உண்மையை விரைவில் கற்றுக்கொள்வர். அந்நேரத்தில் வீட்டிலுள்ளோரின் கண்கள் தொலைக்காட்சிப் பெட்டியின்மீது இருக்கும்; கைகள் மட்டும் சின்ன வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருக்கும். நாமும் அமர்ந்து காத்திருந்து, விளம்பர இடைவேளையில் ஜெபித்துவிட்டு எழுந்திருக்கிறோம். இதனைக் குறையாகக் கூறவில்லை. பகலெல்லாம் காட்டில் உழைத்தோர் மாலையில் கதை கேட்பது தொன்றுதொட்ட வழக்கமே. 2006ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையின்றி வழங்கியபின், முன்னர் கூத்துமேடையில் கேட்ட கதை நடுவீட்டிற்கே வந்துவிட்டது. ஆயினும், நம் சபையாருக்கு நாள்தோறும் கதை சொல்வோர் அவர்களுக்கு எதனைக் கற்பிக்கின்றனர் என்று அறிவது ஆயரின் கடமையாகும். அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கு ஆராய விழைகிறோம்: மருத்துவரையும் செவிலியரையும் பற்றி இத்தொடர்கள் மக்கள் உள்ளத்தில் எழுதும் சித்திரம் யாது?

இவ்வினாவை நமக்குள் எழுப்பியது ஒரு குடும்பத்தின் வழக்கு. சபையைச் சேர்ந்த பெண்ணொருத்தி மேல்நிலைத் தேர்வில் தேறிச் செவிலியர் பயிற்சிக்கு இடம் பெற்றாள். தாய்மாமன் குறுக்கே நின்றார். இரவுப் பணி, ஆண் நோயாளிகள், டாக்டர்களின் கேலிப்பேச்சு என்று அடுக்கினார். "இதெல்லாம் எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டோம். "டி.வி.யில் தினமும் காட்டுகிறார்களே, ஐயா!" என்றார். அவர் மருத்துவமனையில் ஓர் இரவும் தங்கியவர் அல்லர். அதே மனிதர், அப்பெண் டாக்டருக்குப் படிப்பதாயின் நிலத்தை விற்கவும் ஆயத்தமாயிருப்பதாகச் சொன்னார். ஒரே கூரையின்கீழ் நடைபெறும் இரு பணிகளுள் ஒன்று தெய்வீகமாகவும் மற்றது இழிவாகவும் அவருக்குத் தோன்றியது எவ்வாறு?

இதன் வேர் தொலைக்காட்சிக்கு முற்பட்டது. 1961ஆம் ஆண்டில் வெளிவந்த 'பாலும் பழமும்' படத்தில் சிவாஜி கணேசன் புற்றுநோயை ஆராயும் மருத்துவராகவும், சரோஜாதேவி செவிலியராகவும் நடித்தனர். செவிலி மருத்துவருக்கு மனைவியாகிறாள்; பின் நோயுற்று விலகுகிறாள். அவளுடைய தொழில், கணவனின் பெருமைக்குத் துணைநிற்கும் வகையிலேயே கதையில் பொருள் பெறுகிறது. மறு ஆண்டு ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' வந்தது. தான் நேசித்த பெண்ணின் கணவனுக்கு அறுவை மருத்துவம் செய்து அவனைப் பிழைக்கவைத்துத் தான் உயிர் துறக்கும் மருத்துவரின் கதை அது. இறையியல் பயிலும் நமக்கு இக்கதையின் வடிவம் புதியதன்று. பிறருக்காகத் தன்னை ஈந்து மடியும் மீட்பரின் சாயலில் மருத்துவர் அங்கே வார்க்கப்பட்டார். அழகிய படம்தான். ஆனால், மருத்துவரிடம் தமிழர் இன்றும் எதிர்பார்ப்பது இந்த மீட்பரையே. உறவினர் இறந்தால் மருத்துவமனைக் கண்ணாடி உடைவதற்கும் இதுவே ஒரு காரணம் என்போம். மீட்பர் தவறலாகாது, மனிதர் தவறலாம், மரணத்தின்முன் கைவிரிக்கவும் செய்யலாம்.

நெடுந்தொடர்களோ இம்மருத்துவரிடமிருந்து தியாகத்தைக் களைந்துவிட்டு, வெண்மேலாடையை மட்டும் வைத்துக்கொண்டன. 2019 முதல் 2023 வரை விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'பாரதி கண்ணம்மா' தக்க சான்று. கதைத்தலைவன் பாரதி ஒரு மருத்துவன். மனைவியின் கருப்பம் தன்னால் உண்டானதன்று என ஐயுற்று அவளைத் தள்ளிவிடுகிறான். சில நாட்களில் விடையளிக்கக்கூடிய மரபணுச் சோதனை, பல நூறு பகுதிகளுக்குத் தள்ளிப்போகிறது. பார்வையாளரே இதனை எள்ளி நகையாடினர் என்பது நாடறிந்தது. ஆயினும் அவர்கள் நகைத்தது கதையின் இழுவையைத்தான். சான்றுகளைத் தேடி முடிவு காண்பதே தொழிலாகவுள்ள ஒருவன், தன் இல்லத்தில் வதந்தியை நம்பி வாழ்கிறான் என்ற முரண்பாட்டை எத்தனைபேர் கண்டனர்? அவனுக்கு மருத்துவம் ஒரு தொழில் அன்று. குடும்பத்தின் அந்தஸ்துக்கு அடையாளம். ஸ்டெதாஸ்கோப் அங்கே ஓர் அணிகலன். இத்தகைய தொடர்களில் மருத்துவமனை மிகுதியாக வரும்; நோயாளி மட்டும் அரிதாகவே வருவார். கட்டிலில் கிடப்பவர் கதைமாந்தருள் ஒருவராயிருப்பார். அவரைச் சுற்றி உறவினர் சூழ்ச்சி செய்வர். செவிலி "டாக்டரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போவாள். நகைச்சுவைக் காட்சியாயின் அவள் கேலிக்குரிய பொம்மையாவாள்.

நாம் கூறவிழையும் மையக்கருத்து இதுவே: தொடர்கள் குணமாகும் நொடியைக் காட்டுகின்றன, பராமரிக்கும் நாட்களை மறைக்கின்றன. படுக்கைப்புண் வராமல் நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீரின் அளவைக் குறித்துவைப்பது, மருந்தின் அளவை மீண்டும் சரிபார்ப்பது, விடியற்காலை மூன்று மணிக்கு வெப்பநிலை எடுப்பது ஆகியவற்றில் விறுவிறுப்பில்லை. ஆனால், நோயாளர் பலர் உயிர்பிழைப்பது இவற்றாலேயே. நம் சிற்றூர்களில் கர்ப்பிணிகளைப் பெயர் பெயராக அறிந்திருக்கும் கிராம சுகாதார செவிலியரையும், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் விபத்து நேரும்போது 108 ஊர்தியில் வந்திறங்கும் பணியாளரையும் கதைத்தலைவராக்கிய நெடுந்தொடர் எதனையும் நாம் கண்டதில்லை.

இம்மறைப்பின் விளைவு மரணப்படுக்கையில் வெளிப்படுகிறது. திரையில் கருவியின் கோடு நேராகிறது. மருத்துவர் மின்னதிர்ச்சி கொடுக்கிறார். நோயாளி கண் விழிக்கிறார். உண்மையில், இதயத்தின் மின்னியக்கம் முற்றும் நின்று கோடு நேரானபின் மின்னதிர்ச்சி பயன் தராது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்திற்கே அது மருந்து. 1996ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய தொடர்களை ஆராய்ந்தனர். அவற்றில் இதய உயிர்ப்பு முதலுதவி பெற்றோருள் முக்கால் பங்கினர் உடனே பிழைத்தனர். மூன்றில் இரு பங்கினர் வீடு திரும்பியதாகத் தோன்றிற்று. மெய்யான மருத்துவமனைகளில் பிழைப்போர் இவ்வளவினும் மிகக் குறைவு. நாம் ஒரு முதியவரின் இறுதி வேளையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் அவருடைய மக்களோடு நின்றிருக்கிறோம். மருத்துவர் நிலைமையை விளக்கியபோது மூத்த மகன், "ஷாக் கொடுக்காமலே விட்டுவிட்டார்கள்" என்று கதறினார். கடைசி இரவு முழுதும் தந்தையின் வாயை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்த செவிலியை அவர் கவனிக்கவேயில்லை. தந்தைக்குச் செய்யப்பட்ட பெரும் நன்மை அவர் கண்ணுக்குப் புலப்படாமற்போனது நமக்கு இன்றும் துயரளிக்கிறது.

கதைகள் நன்மையும் செய்யவல்லன என்பதை மறுப்பதற்கில்லை. 1984இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'ஹம் லோக்' குடும்பநலக் கருத்துகளைப் பரப்பும் நோக்குடனேயே அமைக்கப்பட்டது. திரையில் பெண் மருத்துவர்களைக் கண்டு படிக்க ஆசைகொண்ட சிறுமியரும் உளர். ஆகவே ஆற்றலுடைய இக்கருவி எதனைச் சொல்லாமல் விடுகிறது என்பதே நம் வினா.

இவ்விடத்தில் திருச்சபை தன்னையும் ஆராய்தல் வேண்டும். தமிழகத்தில் செவிலியர் பணி மதிப்புப் பெற்ற வரலாறு நம் வரலாறே. அயலாரின் உடலையும் குருதியையும் தொடுவது தீட்டென்று கருதப்பட்ட நாளில் அப்பணிக்கு வந்தோருள் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். ஐடா ஸ்கடர் வேலூரில் 1909ஆம் ஆண்டிலேயே செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவப் பள்ளி 1918இல்தான் வந்தது. 1946இல் அங்கே செவிலியர் பட்டப்படிப்பும் தொடங்கியது. இத்தகைய மரபுக்குரிய நாம், நம் பிரசங்கங்களில் எவரை உவமையாக்குகிறோம்? "டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை" என்னும் சாட்சியைக் கேளாத சபை உண்டோ? அதிலும் ஓர் அற்புத நொடி உண்டு. பராமரித்த கைகள் இல்லை. நெடுந்தொடரின் குற்றத்தை நம் மேடையும் செய்துவருகிறது.

உயர்த்தப்பட்ட சித்திரம் எவ்வளவு மெலிந்தது என்பதை 2020ஆம் ஆண்டு காட்டிற்று. மார்ச்சு 22ஆம் நாள் மாலை நாடு முழுவதும் மருத்துவப் பணியாளரைக் கைதட்டிப் போற்றியது. ஒரு திங்கள் முடியுமுன், ஏப்ரல் 19ஆம் நாள், கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாது சென்னையில் ஒரு கூட்டம் ஊர்தியைத் தாக்கியது. அச்சமே இதற்கு முதற்காரணம். தொலைக்காட்சியைப் பழிக்க நாம் முற்படவில்லை. ஆனால், கதையில் வணங்கிய மருத்துவரை மக்கள் அயலானாக அறிந்திருக்கவில்லை என்பது அன்று விளங்கிற்று. வணங்கப்படுபவர் அச்சம் வந்தவுடன் விலக்கப்படுவார். அயலானாக அறியப்பட்டவருக்கே நாம் கடன்பட்டிருக்கிறோம்.

லூக்கா பத்தாம் அதிகாரத்தின் உவமைக்கு வருவோம். நல்ல சமாரியனைக் குறித்து எண்ணற்ற பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். காயங்களைக் கட்டியவன் மறுநாள் இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுப் போகிறான். அதன்பின் அடிபட்டவனுக்குக் கஞ்சி ஊட்டியவர், கட்டு மாற்றியவர், இரவில் அவன் முனகியபோது எழுந்துவந்தவர் சத்திரக்காரர் அல்லரோ? ஆண்டவர் அவரையும் உவமைக்குள் வைத்தார். நாமோ அவரைப்பற்றி ஒரு பிரசங்கமும் செய்ததில்லை.

ஆயர்களும் இறையியல் மாணவரும் சில எளிய முயற்சிகளை மேற்கொள்ளலாம். வாலிபர் கூட்டத்தில் ஒரு தொடரின் ஒரு பகுதியைச் சேர்ந்து பார்த்து மூன்று வினாக்களைக் கேட்கலாம்: இம்மருத்துவமனையில் காணப்படாதவர் யார்? இந்நோய் குணமாக உண்மையில் எத்தனை நாள் ஆகும்? செலவை ஏற்றவர் யார்? மே 12ஆம் நாள் வரும் செவிலியர் தினத்தையொட்டிய ஞாயிறன்று, சபையிலுள்ள செவிலியரைப் பூச்செண்டு கொடுத்து அனுப்பிவிடாமல், தம் ஓர் இரவுப் பணியை விவரிக்கச் செய்யலாம். நாம் அவ்வாறு ஒருமுறை செய்தோம். கிராம சுகாதார செவிலியரான சகோதரி ஒருவர், மழை பெய்த இரவில் நடைபெற்ற ஒரு பிரசவத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். ஆலயத்தில் ஒருவரும் அசையவில்லை. மேலே நாம் குறிப்பிட்ட தாய்மாமனும் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். ஆராதனை முடிந்ததும் அவர் அந்தச் சகோதரியிடம் சென்று, பயிற்சிக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.