உறையின் பக்கம்

சபையில் சொல்லக் கூசும் சொற்கள் சில உண்டு. அந்தக் கூச்சம் பெரும்பாலும் சொல்லோடு பிறந்ததல்ல. பின்னால் வந்தவர்கள் போர்த்திவிட்டுப் போனது. லத்தீனில் 'வாகீனா' என்ற சொல் அப்படிப்பட்டது. பெண்ணுடலில் குழந்தை வெளிவரும் பாதைக்கு இன்று உலகமெங்கும் வைத்திய நூல்களில் வழங்கும் பெயர் அது. பழைய ரோமாபுரியில் ஒரு போர்வீரனிடம் இந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், அவன் தன் இடுப்பைத் தடவிப் பார்த்திருப்பான். அவனுக்கு அது வாளின் உறை, அவ்வளவுதான்.

காவியத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த கௌரவத்தை அறிய விரும்புகிறவர்கள் வர்ஜிலின் 'ஈனியட்' நான்காம் காண்டத்தைப் படிக்க வேண்டும். கார்த்தேஜ் அரசி டைடோவைக் கைவிட்டுப் புறப்படும் ஈனியஸ், உறையிலிருந்து வாளை உருவிக் கப்பல் கயிற்றை வெட்டுகிறான். அங்கே வர்ஜில் கையாளுவது இந்தச் சொல்தான். எழுபது அடிகள் கழிவதற்குள் டைடோவும் ஒரு வாளை உருவுகிறாள். ஈனியஸ் விட்டுச் சென்ற ட்ராய் வாள் அது. அதற்கே இரையாகிறாள். ஒரு வாள் உறவை அறுத்தது. மற்றொன்று உயிரை அறுத்தது. கவி இதை விளக்கிச் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்.

ஓவிட் இன்னும் சிக்கனக்காரர். 'மெடமார்ஃபஸிஸ்' காவியத்தில், காதலன் பிரமஸ் குத்துண்டு கிடக்கும் இடத்துக்கு திஸ்பி வருகிறாள். அங்கே ரத்தம் தோய்ந்த தன் மேலாடையைக் காண்கிறாள். வாள் இல்லாத உறையையும் காண்கிறாள். உறை என்றுகூட ஓவிட் சொல்லவில்லை. தந்தம் வெறுமையாக இருந்தது என்கிறார். தந்த உறை. அந்த வெறுமையைப் பார்த்த மாத்திரத்தில், அவன் தன் கையாலேயே மாண்டான் என்பது அவளுக்கு விளங்கிவிடுகிறது. சாவுக் காட்சிக்குப் பக்கம் பக்கமாகக் கண்ணீர் வடிக்கும் கதாசிரியர்கள் படித்துப் பார்க்க வேண்டிய இடம்.

சரி, இந்தச் சொல் பெண்ணுடலுக்கு எப்படி வந்தது? கி.மு. 191-இல் மேடையேறிய ப்ளாட்டஸின் 'ஸ்யூடோலஸ்' நாடகத்தில் உறையையும் வாளையும் வைத்து ஒரு கொச்சையான கேலி இருக்கிறது. ஆனால் அந்தக் கேலிக்கு ஆளாகிறவன் ஓர் ஆண்பிள்ளை! ரோமர்கள் இதைப் பெண்ணுறுப்பின் வழக்கமான பெயராகக் கொண்டதில்லை. 1559-இல் வெனிஸில் அச்சான உடற்கூறு நூலில் ரியால்டோ கொலம்போ என்ற இத்தாலியர், 'உறை போல' என்று உவமை சொன்னார். 17-ஆம் நூற்றாண்டில் உவமையே பெயராக நிலைத்துவிட்டது. வாள் எது என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. கி.மு. 44-இல் முதுமையைப் பற்றி எழுதிய நூலில் சிஸரோ, கிழவர் கேட்டோவின் வாயால் வேளாண்மையைப் புகழ்கிறார். விதை முளைத்துத் தாளாகிறது; இளங்கதிர் உறைக்குள் ஒளிந்திருந்து, பிறகு வெளிவந்து மணி பிடிக்கிறது. அங்கேயும் இதே சொல்தான்! ஸ்பானிய மொழியில் இதிலிருந்து பிறந்த 'வைனா' என்ற சொல்லுக்கு, வாளுறை என்பதோடு விதை நெற்று என்றும் பொருள். சின்ன நெற்றுத்தான் 'வைனில்லா'; நாம் ஐஸ்கிரீமில் சாப்பிடும் வனிலா. ஆக, உவமைக்கு வயல் இருந்தது, ஆயுதசாலையும் இருந்தது. வயலிலிருந்து எடுத்திருந்தால் பிள்ளைப்பேறு நினைவுக்கு வந்திருக்கும். கொலம்போ ஆயுதசாலைக்குப் போனார். உவமையை எந்தப் பக்கம் நின்று எடுக்கிறோம் என்பது அலங்கார சாஸ்திர விஷயம் மட்டுமல்ல. அது ஒரு தீர்ப்பு. நூற்றாண்டுகள் கழிந்தும் அந்தத் தீர்ப்பு மாறவில்லை.

ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டும் கத்திக்குத் தன் உடலையே உறை என்கிறாள். அவளும் வாளின் பக்கம்தானா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. 1597-இல் வந்த பதிப்பில் அவள், கத்தியைத் தன் மார்பில் ஓய்வு கொள்ளச் சொல்கிறாள். 1599-ஆம் ஆண்டுப் பதிப்பில் மார்பு உறையாகிவிட்டது, ஓய்வு துருவாகிவிட்டது. துருப்பிடித்த கத்தி மறுபடி யாரையும் குத்தாது அல்லவா? வைத்தியரின் உவமையில் வாயில்லாமல் கிடந்த உறை, நாடகத்தில் தானே பேசுகிறது. ஆயுதத்துக்கு உத்தரவும் போடுகிறது. இரண்டாவது பதிப்பே உயர்ந்தது என்று நான் கருதுவதற்கு இதுதான் காரணம்.

இந்த இடத்தைத் தமிழாக்குகிறவருக்கு நம் மொழி ஒரு சலுகை தருகிறது. 'உறை' என்பது கத்தியின் கூடு. 'தங்கியிரு' என்ற ஏவலும் அதுவே. முதற் பதிப்பின் ஓய்வும் பிற்பதிப்பின் உறையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. துருவுக்கு மட்டும் அவர் வேறு சொல் தேடிக்கொண்டால் போதும்.