நூலைக் கொடுப்பது யார்?

ரெமேதியோஸ் வாரோ 1961இல் வரைந்த 'பூமியின் மேலாடைக்குப் பூவேலை' என்ற ஓவியத்தைப் பற்றிப் பல வருடங்கள் தவறாகவே பேசிவந்தேன். பெண்கள் கூடும் அரங்குகளில் அதைத் திரையில் காட்டி, உலகத்தையே பெண்கள்தான் தைத்து உண்டாக்குகிறார்கள் என்பேன். கைதட்டல் கிடைக்கும். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்ப்பவர். "நூலை யார் குடுக்குறாங்க மேடம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவுதான் படத்தின் நடுப்பகுதியை ஒழுங்காகப் பார்த்தேன். உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் ஓர் அறை. ஒரே முகம், ஒரே பொன்னிறக் கூந்தல், ஒரே நீலச்சாம்பல் உடையோடு இளம்பெண்கள் குனிந்து பூவேலை செய்கிறார்கள். அவர்கள் கையிலிருந்து இறங்கும் துணி கோபுரத்தின் திறப்புகள் வழியே வெளியே வழிந்து வீடுகளாகவும் மரங்களாகவும் நீராகவும் விரிகிறது. பெண்களுக்கு நடுவே முகத்தை மூடிய ஓர் உருவம் நிற்கிறது. கையில் புத்தகம் வைத்துக்கொண்டு ஒரு பாத்திரத்தைக் கிளறுகிறது. எல்லோருடைய நூலும் அந்தப் பாத்திரத்திலிருந்துதான் வருகிறது. வாரோ தன் சகோதரருக்கு எழுதிய குறிப்பிலும் இவர்கள் தலைமை ஆசானின் உத்தரவுப்படியே வேலை செய்வதாகச் சொல்கிறார்.

வாரோவின் பொன்னிறத்தை ரசவாதத்தோடு சேர்த்து வாசிப்பது வழக்கம். அவருக்கு அதில் ஈடுபாடு இருந்தது உண்மைதான். ஆனால் எனக்கு அந்தப் பொன்னைவிட நீலமே முக்கியமாகப் படுகிறது. ஐரோப்பியக் கிறித்தவ ஓவியத்தில் நீலம் மரியாளின் மேலாடைக்கு உரிய நிறம். விலை உயர்ந்த நீலக்கல்லை அரைத்துச் செய்தது. மாட்ரிட்டில் கன்னியர் மடப் பள்ளியில் படித்த வாரோவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. தலைப்பிலேயே 'மேலாடை' என்ற சொல்லை வைத்துவிட்டு, நீலத்தை அவர் அந்த மேலாடைக்குத் தரவில்லை. அதைச் சாம்பல் கலந்து மங்கச் செய்து, வேலை செய்கிறவர்களின் சீருடையாக்கிவிட்டார். புனிதத் தாயின் நிறம் தலை எண்ணி நிறுத்தப்பட்ட பெண்களின் நிறமாகிறது. பெண்ணைப் படைப்பின் தெய்வமாக்கிப் பேசிய என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சாம்பல் கண்ணில் படவே இல்லை.

அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் பின்ச்சனின் 'த க்ரையிங் ஆஃப் லாட் 49' (1966) நாவலில் கதாநாயகி இந்த ஓவியத்தின் முன்னால் நின்று அழுகிறாள். அவள் இதைச் சிறையாகவே பார்க்கிறாள். நான் கொண்டாடினேன், அவள் அழுதாள். இரண்டு பேருமே துணியின் மடிப்பைக் கவனிக்கவில்லை. அங்கே ஒருத்தி தன்னையும் தன் காதலனையும் சின்னதாக, தலைகீழாகத் தைத்து வைத்திருக்கிறாள். வாரோவின் குறிப்பு இதை அவள் செய்த தந்திரம் என்கிறது. அதற்கென்று அவளிடம் தனி நூல் கிடையாது. ஆசானின் பாத்திரத்திலிருந்து வந்த அதே நூல்தான்.

மெக்சிகோவில் வாரோ வாழ்ந்த விதம் இதற்குப் பக்கத்தில் வருகிறது. போருக்குத் தப்பி 1941இல் அங்கே போய்ச் சேர்ந்தவர், பிழைப்புக்காக பேயர் மருந்து நிறுவனத்துக்கு விளம்பரப் படங்கள் வரைந்தார். வலியையும் தூக்கமின்மையையும் கேட்டபடி வரைந்து, தாய்வழிப் பெயரான 'உராங்கா' என்று கையெழுத்திட்டார். கூலிக்கு வரைந்த அதே கைதான் பிறகு கோபுரத்தையும் வரைந்தது.

இது மூன்று ஓவியங்கள் கொண்ட வரிசை. முதல் படத்தில் பெண்கள் சைக்கிளில் கோபுரத்தை நோக்கி அழைத்துப்போகப்படுகிறார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் நம்மை நேராகப் பார்க்கிறாள். கடைசிப் படமான 'தப்பித்தல்', கவிழ்த்த குடை போன்ற ஒரு வண்டியில் அவளும் காதலனும் மலைக்குகையை நோக்கிப் போவதைக் காட்டுகிறது. கடைசியில் ஓர் ஆண்தான் மீட்க வரவேண்டுமா என்று தோழிகள் கேட்பதுண்டு. என் வாசிப்பில் அவன் மீட்க வந்தவனே இல்லை. அவள் ஊசியால் உண்டாக்கியவன். பெண்ணைத் தங்கள் கனவின் உருவமாக வரைந்து தள்ளிய சர்ரியலிச ஆண்களுக்கு மத்தியில் வாழ்ந்தவர் வாரோ. அவர் இங்கே அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

இப்போது இந்தப் படத்தைக் காட்டும்போது பாத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கடைசிப் படத்தில் மற்ற பெண்கள் யாரும் இல்லை. ஒருத்தி எழுந்துபோன பிறகு அந்த மேசையில் யார் உட்கார்ந்தார்கள், அவள் பங்கு வேலையையும் சேர்த்து யார் தைத்தார்கள் என்பதற்கு நான்காவது ஓவியம் எதையும் வாரோ வரையவில்லை. 1963இல் இறந்துபோனார்.