ரிமாண்டுக்கு முன் இரண்டு மணி நேரம்

ஒருவரைக் கைது செய்தால், எதற்காக என்பதை அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். அரசியல் சாசனத்தின் 22(1) பிரிவு 1950 முதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எப்படித் தெரிவிப்பது என்பதில்தான் ஓட்டை இருந்தது. வாயால் சொன்னோம் என்று காவல்துறை எழுதிக்கொள்ளும். யாரும் சொல்லவில்லை என்பார் கைதானவர். எது உண்மை என்று பார்க்க மாஜிஸ்திரேட்டிடம் ஒரு தாளும் இருக்காது. கடந்த சில ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் இந்த ஓட்டையை அடைக்க முயன்றிருக்கிறது. முயற்சி பெரியது; வேலை இன்னும் பாதியில் நிற்கிறது.

முதல் அடியை வைத்தது 2023 அக்டோபர் 3இல் வந்த பங்கஜ் பன்சல் தீர்ப்பு. அமலாக்கத் துறை கைதுக்கான காரணங்களைப் படித்துக் காட்டினால் போதாது, எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றது அது. அதே நாளில் தில்லியில் கைதானார் நியூஸ்கிளிக் நிறுவனர் பிரபிர் புர்காயஸ்தா. அவரது ரிமாண்ட் உத்தரவில், அதாவது காவலில் வைக்க அனுமதிக்கும் உத்தரவில், இருந்த நேரம் மறுநாள் காலை 6 மணி. அவருடைய வழக்கறிஞருக்கு ரிமாண்ட் மனுவின் நகல் வாட்ஸ்அப்பில் வந்தது அதற்குப் பிறகு. காரணங்களை எழுத்தில் தராததால் அந்தக் கைதே செல்லாது என்று 2024 மே மாதம் சொன்னது உச்ச நீதிமன்றம். காரணங்களைத் தெரிவித்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு காவல்துறையுடையது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கு தெளிவுபடுத்தியது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கு இந்த விதியை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது: கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில், ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாகக் கொடுக்க வேண்டும்.

இந்த வரிசையின் பெரிய பலம், புர்காயஸ்தா தீர்ப்பு பிரித்துக் காட்டிய ஒரு வேறுபாடு. 'சாட்சியைக் கலைப்பதைத் தடுக்க', 'முறையாக விசாரிக்க' என்பவை எந்தக் கைதுக்கும் பொருந்தும் பொதுக் காரணங்கள். இந்த மனிதர் என்ன செய்தார் என்று காவல்துறை நம்புகிறது என்பதே கைதின் அடிப்படை. முன்னதை அச்சடித்து வைத்துக்கொள்ளலாம். பின்னதை ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதியாக வேண்டும். எழுத உட்காரும் அதிகாரி, தன்னிடம் என்ன இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொள்ள நேர்கிறது. ஆதாரமில்லாத கைதுகள் பல அங்கேயே நின்றுவிடக்கூடும். தமிழில் இங்கே ஒரு கூடுதல் ஆபத்து உண்டு: இரண்டையுமே 'காரணம்' என்று சொல்லிவிடுகிறோம். கைதுக் குறிப்பாணையில் சொல் ஒன்றாகிவிட்டால், நீதிமன்றம் பிரித்தது மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

குறைகளில் முதலாவது, மீறினால் என்ன ஆகும் என்பதில் உள்ள குழப்பம். எழுத்தில் தராததால் தனக்கு என்ன பாதிப்பு என்று கைதானவர் காட்ட வேண்டும், தானாகவே பிணை கிடைத்துவிடாது என்ற போக்கில் 2025 ஆகஸ்டில் தர்ஷன் வழக்குத் தீர்ப்பு வந்தது. மூன்றே மாதத்தில் மிஹிர் ஷா தீர்ப்பு, மீறினால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம் என்றது. இரண்டுமே இரு நீதிபதிகள் அமர்வு. அரசுத் தரப்பு ஒன்றை நீட்டும், எதிர்த்தரப்பு மற்றதை நீட்டும். அதோடு, கைதின் அடிப்படையைப் பிறகு எழுதிக் கொடுத்து மீண்டும் காவலில் எடுக்கக் கேட்கலாம் என்றும் மிஹிர் ஷா தீர்ப்பு வழிவிட்டிருக்கிறது. கொடிய குற்றத்தில் விசாரணை முடங்காதிருக்க இது தேவைதான். ஆனால் தவறைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்றால், முதலிலேயே சரியாகச் செய்யும் அக்கறை தளரும்.

இரண்டாவது, அந்த இரண்டு மணி நேரம். சொந்த வழக்கறிஞர் உள்ளவருக்கு அது போதலாம். சட்ட உதவி வழக்கறிஞரை நம்பியிருப்பவருக்கு, அவர் வந்து சேரும்போதே ரிமாண்ட் முடிந்திருந்தால் கையில் உள்ள தாளால் என்ன பயன்? விதி தாளுக்கு நேரம் குறித்தது. அதைப் படித்து வாதாடும் ஆளுக்குக் குறிக்கவில்லை.

மூன்றாவது, மொழி. திருப்பூரில் கைதாகும் ஒடிசாத் தொழிலாளிக்குத் தமிழில் எழுதிய தாள் வெற்றுத் தாள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எந்த மொழித் தாளும் அப்படியே. எழுத்தோடு, படித்துக் காட்டுவதும் சேர்ந்தால்தான் விதியின் நோக்கம் நிறைவேறும். மொழிபெயர்ப்பாளரை யார் ஏற்பாடு செய்வது என்ற கேள்விக்குக் காவல் நிலையத்தில் பதில் இருந்தாக வேண்டும்.

ஆக, இந்தத் தீர்ப்புகளின் உயிர் ரிமாண்ட் நடக்கும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. பிணை மனுவைப் பற்றி மட்டும் யோசித்து வந்த வழக்கறிஞர், இனி ரிமாண்டை எதிர்ப்பதையே முதல் வேலையாகக் கொள்ள வேண்டும். அன்று எழுப்பாத ஆட்சேபம் பின்னர் வலுவிழக்கும். மாஜிஸ்திரேட்டுகளோ உத்தரவில் மூன்று வரி கூடுதலாக எழுதினால் போதும்: தாள் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது, எந்த மொழியில், அதை வழக்கறிஞர் படித்தாரா. இந்த மூன்றையும் காவல்துறையின் குறிப்பைப் பார்த்து எழுதாமல், எதிரே நிற்பவரையே கேட்டு எழுத வேண்டும்.